முக்கியமான மெட்சில் ஒரு கோல் விட்டதற்காகக் கோல்கீப்பரைத் தூக்கிவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: எங்கள் டீம் கீப்பர் சீசன் முழுக்க நன்றாகத்தான் ஆடினார், முக்கியமான ஒரு மெட்சில் கோட்டை விட்டுவிட்டார், பாதி ரசிகர்கள் அவரைத் தூக்கு என்கிறார்கள், மீதிப் பேர் வைத்திரு என்கிறார்கள், கீப்பர் நல்லவரா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

எந்த டீம் என்று நீங்கள் எழுதவில்லை. இவ்வளவு நொந்துபோய்க் கேட்பதைப் பார்த்தால் மான்செஸ்டர் யுனைடெட்டாகத்தான் இருக்கும். லிவர்பூல்காரர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். 2018ல் கீப்பர் அலிசன் வந்ததிலிருந்து அவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மெட்ச் உள்ள இரவுகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஏழெட்டுப் பேர் உள்ளே இருப்போம். அதனால் இந்தச் சண்டையை நான் பத்து வருடத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2011ல் யுனைடெட்டுக்கு டி ஹேயா கீப்பராக வந்தபோது, குச்சி மாதிரி இருக்கிறான், கோர்னருக்கு வெளியே வரத் தெரியவில்லை என்றார்கள். அப்புறம் அதே ஆளை 4 தடவை கிளப்பின் சிறந்த வீரராகத் தெரிவு செய்தார்கள். 2021 யூரோப்பா லீக் இறுதியில் வில்லாரியல் அடித்த 11 பெனால்டியும் உள்ளே போனது, கடைசியாக டி ஹேயா தானே அடித்ததும் தடுக்கப்பட்டது. அன்றைக்கு என் கடையில் பறந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. 2022-23ல் 17 லீக் மெட்சில் கோலே விடாமல் தங்கக் கையுறை விருது வாங்கினார். அதே ஜூலையில் ஆள் கிளம்பிவிட்டார். காலால் ஆடத் தெரியாது என்பதுதான் குறை.

சரி, காலால் ஆடத் தெரிந்த ஒனானா வந்தார். கோப்பன்ஹேகனோடு கடைசி நிமிட பெனால்டியைப் பிடித்தபோது சாமி என்றார்கள். அடுத்த மாதமே கலட்டசராயோடு இரண்டு ஃப்ரீ கிக்கை விட்டு 3-3 ஆனதும் சனியன் என்றார்கள். 2025 ஆகஸ்டில் நாலாம் தரத்து கிரிம்ஸ்பியிடம் பெனால்டியில் 12-11 என்று தோற்றார்கள். செப்டெம்பரில் அவர் துருக்கியில். இப்போது லம்மன்ஸ். டி ஹேயாவைப் பத்து வருடம் திட்டிய பையன் அதே ஸ்டூலில் உட்கார்ந்து, "டி ஹேயா இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்கிறான்.

இப்போதெல்லாம் இதற்கும் கணக்கு இருக்கிறது. கோலை நோக்கி வந்த ஒவ்வொரு அடியும் எங்கிருந்து வந்தது, எந்த மூலைக்குப் போனது என்று பார்த்து, சராசரி கீப்பர் ஒருவர் இதில் எத்தனை விட்டிருப்பார் என்று ஓர் எண் போடுகிறார்கள். அதைவிடக் குறைவாக விட்டவர் கெட்டிக்காரர். நல்ல கணக்குத்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கீப்பர் கத்தியதால் ஒருவன் இரண்டு எட்டு தள்ளி நின்றான், அதனால் எதிராளி அடிக்கவே இல்லை என்றால், அந்தக் கணக்கில் அது எங்கேயும் வராது. கீப்பர் கத்தியும் ஒருவன் கேட்காமல் விட்டால் அதுவும் வராது. அந்த ஒருவனைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோச் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து டீமுக்கு ஆறு வருடம் ஸ்டொப்பராக, அதாவது கீப்பருக்கு முன்னால் தடுப்பவனாக நின்றவன், அவ்வளவுதான். தோட்டத்து மெட்சையும் யுனைடெட்டின் ஓல்ட் ட்ராஃபோர்ட் மைதானத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறாயா என்று கேட்க வருகிறவர்கள் தாராளமாகக் கேட்கட்டும். நின்ற இடம் வேறு, நடந்தது ஒன்றுதான்.

எங்கள் மைதானம் ஃபெக்டரிக்குக் கீழே. மஸ்கெலியா பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தேயிலை மலை, அந்தச் சரிவில்தான் சனம் உட்காரும். இன்னொரு பக்கம் பெரிய கான் (வடிகால்), பந்து விழுந்தால் ஒருவன் இறங்கித் தேட வேண்டும். கோலுக்கு மூங்கில் கம்பு. வலையெல்லாம் கிடையாது. கோல் அகலம் 7.32 மீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம், நாங்கள் எட்டு எட்டு வைத்து அளப்போம். யார் அளக்கிறான் என்பதில் எல்லாம் இருக்கிறது. நெட்டைக்காலன் அளந்தால் அன்றைக்கு கீப்பர் செத்தான்.

கீப்பர் என் மச்சான், மாமா மகன். ஒரே லயம் (தோட்டத்து வரிசை வீடு), அடுத்தடுத்த காம்பரா (அறை). 'பூனை' என்றுதான் கூப்பிடுவார்கள், அப்படிப் பாய்வான். பெனால்டிக்கு 11 மீட்டர் தூரம், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் பந்து வந்து சேர 0.4 விநாடி. நாம் இமை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதையே அவன் வருடத்துக்கு மூன்று நாலு பிடிப்பான்.

2013 தீபாவளிக்கு அத்தை அவனுக்கு கிளவுஸ் வாங்கிக் கொடுத்தார். அப்போது ஒரு நாள் பேருக்கு, அதாவது நாள் சம்பளம், 620 ரூபாய், அதுவும் வரவு குறையாமல் இருந்தால்தான். தீபாவளி அட்வான்ஸில் மற்றவர்களுக்கெல்லாம் உடுப்பு எடுத்தார், இவனுக்கு மட்டும் உடுப்புக்குப் பதில் கிளவுஸ். மூன்று நாள் சம்பளம். உள்ளங்கைப் பக்கம் வெள்ளையாக, ரப்பர் வாசத்தோடு இருக்கும். நனைந்தால்தான் பந்து ஒட்டும் என்று மெட்சுக்கு முன்னால் பீலித் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொள்வான். முதல் மெட்ச் முடிந்து ஈரம் காயட்டும் என்று அத்தை அதை விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டார். காலையில் பார்த்தால் உள்ளங்கை ரப்பர் அப்பளம் மாதிரி வெடித்துப்போய் இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. வெடிப்பை விரலால் தேய்த்துத் தேய்த்து மறுபடி நனைத்தான்.

தீபாவளிக்கு அடுத்த நாள் இறுதிப் போட்டி. மூன்று மணிக்குத் தொடங்க வேண்டியது. பிரதம அதிதி வரவில்லை. யார், எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை, எல்லாக் கட்சியிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் நாலரைக்கு வந்து, மாலை போட்டு, பொன்னாடை போத்தி, மைக்கைப் பிடித்து, விளையாட்டு இளைஞரை ஒழுங்குபடுத்தும் என்று இருபத்தைந்து நிமிடம் பேசினார். நவம்பரில் மலையில் ஐந்தே முக்காலுக்கு மேல் என்ன வெளிச்சம் இருக்கும்? பாதி நேரம் முடியும்போதே கீழே இருந்து பனி ஏறி வந்துவிட்டது. சரிவில் இருந்தவர்களுக்கு எங்கள் ஜெர்சி நிறம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

0-0. முடிய ஐந்து நிமிடம். வலது பக்கத்திலிருந்து ஃப்ரீ கிக், உயரமாக வந்தது. மச்சான் கோலை விட்டு வெளியே வந்தான். "கீப்பர்!" என்றான். அப்புறம் "விடு, விடு!" என்றான்.

எனக்குக் கேட்டது. இத்தனை வருடத்தில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. தெளிவாகக் கேட்டது.

அன்றைக்குக் காலையிலிருந்து மைக்கில் அறிவிப்புச் செய்தவர் 'பூனை, பூனை' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று மெட்சிலும் முன்னால் நின்று உதை வாங்கியவன் நான். என் பெயர் ஒரு தடவை வந்தது, அதுவும் பிழையாக. அந்தப் பந்தை நான் எடுத்தால் ஒரு தடவையாவது சரியாகச் சொல்வார்கள் என்று நினைத்தேனோ என்னவோ, தலையை வைத்துவிட்டேன். முழுதாகப் படவில்லை, முடியில் உரசியது. அவ்வளவு போதும் பந்துக்கு. அவன் இரண்டு கையும் பந்து வர வேண்டிய இடத்துக்குப் போயிற்று, பந்து அவன் தோளுக்குப் பக்கத்தால் போயிற்று.

சரிவில் இருந்து பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? கீப்பர் சும்மா வெளியே வந்தான், காற்றை அடித்தான், கோல்.

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு பந்தை எடுக்கக் கானுக்குள் இறங்கினான்.

அன்றிரவே பெயர் மாறிவிட்டது. பூனை போய் 'ஓட்டை' ஆனான். ஓட்டைச் சட்டி என்று தொடங்கி, சுருங்கி ஓட்டை. மூன்றாம் நாள் பீலியில் ஒரு பெண் அத்தையிடம், "ஓட்டச் சட்டிக்கு எதுக்குக்கா கிளவுஸு?" என்று கேட்க, இரண்டு லயமும் சண்டைக்கு வந்தது. நான் காம்பராவுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த சீசனில் கீப்பரை மாற்றலாமா என்று கோயில் முன்னால் வைத்துப் பேசினார்கள். உங்கள் ரசிகர்கள் மாதிரியேதான், பாதிக்குப் பாதி. நான் வைத்திருக்கலாம் என்ற பக்கம் கை தூக்கினேன். அதையும் பெரிய மனது என்று பாராட்டினார்கள். அதுதான் இன்னும் கூசுகிறது.

இவன் விஷயத்தில் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்கிறேன். அதற்கு முந்தின வருடம் அவனை ஒரு தெரிவுப் போட்டிக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தது. லயத்துக்கு ஏது விலாசம்? தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயர், ஊர். அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஒஃபிசுக்குப் போய், அங்கே மேசையில் கிடந்து, யாரோ ஒருவர் கடைக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தார். தெரிவு முடிந்து ஒன்பது நாள். வேலைக்கு அழைப்பு, பேங்க் கடிதம், பரீட்சைக் கடிதம் என்று எங்களில் எத்தனை பேருக்கு இப்படிப் போயிருக்கும் என்று யாராவது கணக்கெடுத்துப் பார்க்கட்டும். 2023ல் மலையகத் தமிழர் இங்கே வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நானும் கடைசி ஒரு நாள் நடந்தேன். 200 வருடம் ஒரே இடத்தில் இருக்கிறவனுக்குத் தன் கதவுக்கு ஓர் இலக்கம் இல்லை. இது கால்பந்துக் கேள்வி என்பது எனக்கும் தெரியும்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ரியல் மட்ரிட்டோடு லிவர்பூல் கீப்பர் காரியஸ் சொதப்பி இரண்டு கோல் விட்டார் அல்லவா? ஒன்றில் அவர் உருட்டிவிட்ட பந்தில் பென்சமா காலை நீட்டினார், இன்னொன்றில் பேல் தூரத்திலிருந்து அடித்தது கையில் பட்டு உள்ளே போனது. நள்ளிரவு தாண்டிய நேரத்தில் என் கடையில் சிரித்துப் புரண்டார்கள். அதற்கு முன்னால் மட்ரிட் வீரர் ராமோஸின் முழங்கை அவர் தலையில் பட்டிருந்தது. அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்தது என்று அமெரிக்க மருத்துவர்கள் சொன்னது சில நாள் கழித்துத்தான். அந்தச் செய்தி வந்தபோது கடைக்கு யாரும் அதைப் பேச வரவில்லை. அந்த அடியால்தான் கோல் விழுந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அந்த இரவில் பார்த்துக்கொண்டிருந்த நமக்கு அது தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே உங்கள் டீம் விட்ட அந்த கோலை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். கீப்பரைப் பார்க்காதீர்கள். அவருக்கு முன்னால் நிற்கிற இரண்டு பேரின் கால் எங்கே இருக்கிறது, யார் திரும்பிப் பார்க்கிறான், யார் கேட்காதது மாதிரி நிற்கிறான் என்று பாருங்கள். அதற்குப் பிறகும் பிழை கீப்பருடையதுதான் என்றால், ஒரு முழு சீசனில் இது எத்தனையாவது என்று எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோ என்றால் வைத்திருங்கள். ஏழெட்டு என்றால் நான் என்ன சொன்னாலும் நீங்கள் தூக்கத்தான் போகிறீர்கள், தூக்குங்கள்.

மச்சான் இப்போது கொழும்பில் ஒரு ஸ்டோரில் வேலை. பொங்கலுக்கு வந்தவன் உடைந்த டிஸ்ப்ளேயை மாற்ற என் கடைக்கு வந்தான். உள்ளே பையன்கள் லம்மன்ஸ் நல்லவனா, சும்மாவா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு இவனைத் தெரியும். "ஓட்டண்ணே, நீங்க கீப்பர்தானே, நீங்க சொல்லுங்க" என்றான்.

அவன் பெஞ்சில் இருந்தபடி டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"முன்னுக்கு யாருடா நிக்கிறது?" என்று கேட்டான்.

நான் கீழே விழாத ஸ்க்ரூவைத் தேடி மேசைக்கு அடியில் குனிந்தேன்.