ஒமகாசே சுஷிக்கும் சாதாரண சுஷிக்கும் என்ன வித்தியாசம்?

ஜப்பானில் ஒமகாசே சுஷிக்கு ஏன் அவ்வளவு விலை, சாதாரணக் கடையில் சாப்பிட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுஷி என்பது வினிகர் கலந்த சோற்றோடு மீன் துண்டு சேர்த்துத் தரும் ஜப்பானிய உணவு. 'ஒமகாசே' என்றால் 'உங்கள் பொறுப்பில் விட்டுவிடுகிறேன்' என்று பொருள். அன்றைக்குச் சந்தையில் எந்த மீன் நன்றாக வந்ததோ, அதை வைத்து என்ன தருவது, எந்த வரிசையில் தருவது என்று சமையல்காரரே முடிவு செய்வார். பெரும்பாலும் மென்மையான வெள்ளை மீனில் தொடங்கி, கொழுப்பேறிய சூரைக்குப் போய், முட்டையில் முடியும்.

எனக்கு அதில் பெரிதாகப் படுவது சோறுதான். மீன் துண்டில் வசாபி என்ற காரமான பச்சை விழுதைத் தடவி, வெதுவெதுப்பான வினிகர் சோற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலே சோயா சாற்றைத் தூரிகையால் ஒரு இழுப்பு இழுத்து உங்கள் முன் வைப்பார். மறுபடி சோயாவில் தோய்க்க வேண்டாம். உடனே வாயில் போட்டுவிடுங்கள், ஆறினால் அந்தப் பதம் போய்விடும்.

சாதாரணக் கடையில் பிடித்ததை நாமே சொல்லி வாங்கலாம். 1958-இல் ஒசாகா பக்கம் தொடங்கிய சுழல்பட்டைக் கடைகளில், அதாவது தட்டுகள் ஓடும் பட்டையில் சுற்றி வரும் கடைகளில், தட்டுகளை எண்ணிக் காசு வாங்குவார்கள். பலவற்றில் சோற்றை இயந்திரமே பிடிக்கிறது. குழந்தைகளோடு போனால் இதுதான் சரி.

அப்புறம், ஏதாவது ஒவ்வாமை இருந்தால் ஒமகாசேவுக்கு முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.