விசுவாசம் எதற்கு?

கேள்வி: ஜப்பானியப் படக்கதையான மாங்காவுக்குக் கடைசிவரை விசுவாசமாக எடுக்கப்பட்ட அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) எது? சுருக்கமாகச் சொல்லவும். (வாசகர், கரூர்)

பதில்: விசுவாசம் வேண்டுமென்றால் நாய் வளர்க்கலாம். அதுவும் பிஸ்கட் போடும் வீட்டுப் பக்கம் போய்விடும், எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். போன மாதம் ஒருவர் 'பத்து வருட விசுவாசமான வாசகன்' என்று எழுதியிருந்தார். சந்தாப் பட்டியலில் தேடினால் ஆளைக் காணோம். பக்கத்து வீட்டில் வாங்கிப் படிக்கிறாராம்.

சரி, மாங்கா. அதற்குப் பெரிய துரோகம் செய்தவர்கள் அதை வரைந்தவர்களேதான். கட்சுஹிரோ ஒட்டோமோ 'அகிரா'வை 1982-ல் தொடங்கினார், 1990-ல் முடித்தார். படமோ 1988-லேயே வந்துவிட்டது. இயக்கியவரும் அவரே! மாங்காவில் அகிரா உயிரோடு நடமாடும் சிறுவன். படத்தில் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்துவைத்த மிச்சம். தலைப்பில் இருப்பவனையே குடுவையில் போட்டவரிடம் போய் விசுவாசம் பேசுவீர்களா?

ஒழுங்காக மாங்காவின் பின்னாலேயே போன டிவி தொடர்களின் கதியைப் பாருங்கள். மாங்கா வாரத்துக்கு இருபது பக்கம் சொச்சம். அனிமே அதை விழுங்கிவிட்டு அடுத்த வாரம் கதையில்லாமல் நிற்கும். அப்புறம் என்ன, மாங்காவில் இல்லாத இட்டுநிரப்பல், அதாவது ஃபில்லர்தான். முதல் 'நருட்டோ' தொடரின் 220 எபிசோடுகளில் கடைசி எண்பது சொச்சம் பெரும்பாலும் இப்படி ஒட்டுப்போட்டவை.

எனக்குப் பிடித்த துரோகி டக்கேஹிக்கோ இனோவே. அவர் வரைந்த கூடைப்பந்து மாங்கா 'ஸ்லாம் டங்க்' 1990 முதல் 1996 வரை வந்தது. டிவி அனிமே 101 எபிசோடு ஓடியும் உச்சகட்டமான, சன்னோ பள்ளி அணியுடனான ஆட்டத்தைத் தொடாமலே நின்றுபோனது. 2022 டிசம்பரில் அந்த ஆட்டத்தையே படமாக்கினார் இனோவே. ஆனால் நாயகன் சகுராகியை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அணித்தோழன் மியாகியின் ஒகினாவா வீட்டையும் கடலில் போன அவன் அண்ணனையும் நடுவில் கொண்டுவந்தார். பழைய டிவி குரல்களையும் மாற்றிவிட்டார். படம் வருவதற்கு முன்பே ஜப்பானில் ரசிகர்கள் கொதித்தார்கள். திட்டியவர்களும் டிக்கெட் எடுத்திருப்பார்கள் போல, அங்கே மட்டும் வசூல் 1500 கோடி யென்னைத் தாண்டியது.

முதல் காட்சியில் பென்சில் கோடு ஓட ஓட ஐந்து ஆட்டக்காரர்களும் ஒவ்வொருவராக உருவாகி நம்மை நோக்கி நடந்து வருவார்கள். கடைசி விநாடிகளில் அரங்கத்துச் சத்தம் மொத்தமும் அறுந்துபோகும். மாங்காவிலும் அந்தப் பக்கங்களில் வசனம் கிடையாது. உங்கள் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் அந்தச் சில விநாடிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைந்தவருக்கு இருக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று நான் சொல்லவில்லை. 2009-ல் ஹாலிவுட் 'டிராகன் பால்' மாங்காவைப் படமாக எடுத்து அதன் நாயகன் கோக்கூவை அமெரிக்கப் பள்ளி மாணவனாக்கியது. அதைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

எந்தப் படம் வந்தாலும் 'மூலத்தைச் சிதைத்துவிட்டான்' என்று எழுதும் விமர்சக நண்பர் ஒருவர் இருக்கிறார். இந்தப் பக்கத்தில் அவர் அடிபடுவது புதிதல்ல. மூலத்தைப் படித்தீர்களா என்றால், 'படித்தவர்களிடம் கேட்டேன்' என்பார். படிக்கட்டுமே என்று 'அகிரா' ஆறாம் தொகுதியைக் கொடுத்தேன். முதல் ஐந்தைக் கேட்காமலே வாங்கிக்கொண்டு போனார், இன்னும் திருப்பவில்லை. இரவல் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு நூலகம் அபராதம் போடுகிறது. தனியாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன?