டிரம் கேள்வி–பதில்: பேட்களை எங்கே வைப்பது?

கேள்வி: புதிதாக எலெக்ட்ரானிக் டிரம் வாங்கினேன். பெட்டியின் மேல் இருந்த படத்தைப் பார்த்து அப்படியே பூட்டினேன். அரை மணி நேரம் வாசித்தால் வலது தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. வாசிக்கும் முறை தப்பா, அமைப்பு தப்பா?

பதில்: பெரும்பாலும் அமைப்புதான். பெட்டிமேல் இருக்கும் படம் விற்பனைக்காக எடுத்தது. எல்லா பேடும் (குச்சியால் அடிக்கும் தட்டு) கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்று சிம்பல்களை உயர்த்தி, ராக்கை (பேட்களைத் தாங்கும் குழாய்ச் சட்டத்தை) அகல விரித்து வைத்திருப்பார்கள். உட்கார்ந்து வாசிப்பவரின் கை எவ்வளவு தூரம் போகும் என்பது அந்தப் படத்தின் கவலை இல்லை.

ராக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு ஸ்டூலில் இருந்து தொடங்குங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கட்டும். தொடை லேசாக முன்னோக்கிச் சரியும். முழங்கால் மடிப்பு 90 டிகிரியைவிடக் கொஞ்சம் விரிந்திருக்கும். ஸ்டூல் தாழ்ந்தால் ஒவ்வொரு கிக்குக்கும், அதாவது பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், தொடையைத் தூக்க வேண்டிவரும், அந்தப் பாரம் கீழ் முதுகில் இறங்கும். அதிகம் உயர்ந்தாலோ குதிகால் பெடலில் நிலைக்காது.

இனி கால்களை இயல்பாக விரித்து வையுங்கள். வலது பாதம் எங்கே விழுகிறதோ அங்கே கிக் பெடல், இடது பாதம் விழும் இடத்தில் ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் சிம்பல்) பெடல். பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் பெடலும் அதே கோணத்தில் சாயட்டும். கிக் பேட் நேராக முன்னால் பார்த்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெடலை நேராக்கிவிட்டுக் காலைத் திருகிக்கொள்வதுதான் முழங்கால் வலிக்கு வழி.

இரண்டு தொடைகளுக்கும் நடுவில் ஸ்னேர், அதாவது முதன்மை டிரம் பேட். முழங்கையைத் தொங்கவிட்டு, குச்சியோடு கையை முன்னால் நீட்டுங்கள். முன்கை லேசாகக் கீழ்நோக்கிச் சரிய, குச்சி நுனி பேடின் நடுவில் விழ வேண்டும். ரிம்மின் (பேடின் விளிம்பின்) உயரம் தொடைக்கு மேல் 5 முதல் 8 செ.மீ. என்பது நல்ல தொடக்கம். அடிக்கும்போது கை தொடையில் இடித்தால் ஸ்னேர் தாழ்வு; தோள் தானாகத் தூக்கினால் உயரம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ராக்கை உங்களிடம் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான ராக்குகளில் நடுக்குழாய் ஒன்று, பக்கக் கைகள் இரண்டு. அந்தக் கைகளை உள்நோக்கி மடக்கினால் ஃப்ளோர் டாமும் (டாம் பேட்களில் கனத்த ஒலி தருவது) ரைடும் (தாளத்தைத் தொடர்ந்து வாசிக்கும் சிம்பல்) சட்டென்று பக்கத்தில் வந்துவிடும். உங்கள் வலது தோள் வலிக்கு முதல் சந்தேகம் இங்கேதான்: ராக்கின் கை விரிந்த நிலையில் ரைட் தூரமாகவும் உயரமாகவும் போய், முழங்கையை நீட்டி நீட்டி அடிக்கிறீர்கள். ரைடின் நடுப்பகுதியைத் தொடும்போதும் முழங்கை மடிந்தே இருக்க வேண்டும், தோள் ஏறக்கூடாது. கிராஷ் (அழுத்தம் கொடுக்க அடிக்கும் சிம்பல்) கொஞ்சம் உயரலாம். ஆனால் அடிக்க முதுகை ஸ்டூலிலிருந்து முன்னால் சாய்க்க வேண்டியிருந்தால் அது உங்களுக்கு உயரம்.

சரிபார்க்க எளிய வழி: கண்ணை மூடிக்கொண்டு ஸ்னேரிலிருந்து ஒவ்வொரு பேடுக்கும் நிதானமாகக் கையைக் கொண்டுபோய் அடியுங்கள், பிறகு கண்ணைத் திறந்து குச்சி எங்கே விழுந்தது என்று பாருங்கள். நடுவைத் தாண்டி விழுந்தால் பேடைத் தள்ளுங்கள், நடுவுக்கு முன்பே விழுந்தால் இழுங்கள். கை தேடும் இடத்துக்கு பேட் வரட்டும். ஒரே நேரத்தில் நாலைந்தை மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். இத்தனைக்குப் பிறகும் வலி தொடர்ந்தாலோ விரல்கள் மரத்துப்போனாலோ மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: டாம் பேடை எவ்வளவு சாய்க்க வேண்டும்?

பதில்: குச்சி பேடின் மேல் கிட்டத்தட்டப் படுத்த மாதிரி விழும் அளவுக்கு. தட்டையாக வைத்துத் தூரமும் தள்ளினால் குச்சி முன்பக்க ரிம்மில் இடிக்கும். அளவுக்கு மீறிச் சாய்த்தால் நுனி மெஷ்ஷை (பேடின் மேல் இருக்கும் வலைத்துணியை) குத்தும், துணி சீக்கிரம் தேயும், எகிறி வருவதும் குறையும். 8, 10 அங்குல பேட்களில் இந்தத் தவறு உடனே காட்டிக்கொடுக்கும். 14 அங்குல ஸ்னேரில் பழகியவர்களுக்கு ‘நடு’ என்பது பெரிய இடம். இங்கே கொஞ்சம் நகர்ந்தாலே ரிம்.

இன்னொன்று. நடுவில் சென்சார் கூம்பு உள்ள மெஷ் பேட்களில் நேராக அதன் மேல் அடித்தால் ஒலி மற்ற இடங்களைவிடத் தூக்கலாக வரலாம். அதற்காகப் பேடைத் தள்ளி வைக்க வேண்டாம். மெஷ்ஷின் இறுக்கம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். திருகுகளை எதிரெதிராக, கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்குங்கள். தளர்ந்த மெஷ்ஷில் ஒரே அடி இரண்டாகக் கேட்பதும் உண்டு.

கேள்வி: ஹை-ஹாட் வாசிக்கும்போது வலது குச்சி ஸ்னேர் அடிக்கும் இடது கையில் இடிக்கிறது.

பதில்: ஹை-ஹாட் பேடை ஸ்னேரைவிட 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். வலது கை மேலே, இடது கை கீழே என்று இடைவெளி கிடைக்கும். அதோடு அதை ஸ்னேரின் மேல் ஏறி நிற்காத அளவுக்கு இடப்பக்கம் நகர்த்துங்கள். பேக்பீட்டை (தாளத்தின் 2, 4-ஆம் தட்டில் விழும் ஸ்னேர் அடியை) ஓங்கி அடிப்பவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டியிருக்கும்.

கேள்வி: பேட்களை நெருக்கி வைத்த பிறகு, ஸ்னேரை அடித்தால் முதல் டாமும் சேர்ந்து ஒலிக்கிறது. பேட் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. ஒரே இரும்புக் குழாயில் எல்லாம் தொங்குவதால் அதிர்வு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறது. மாட்யூல் (அடியை ஒலியாக்கும் பெட்டி) அதையும் ஓர் அடி என்று எண்ணிக்கொள்கிறது. செட்டிங்ஸில் கை வைக்கும் முன் சுற்றிப் பாருங்கள். இரண்டு ரிம் உரசுகிறதா, சிம்பல் ஆடும்போது டாமில் தட்டுகிறதா, ஏதாவது கிளாம்ப் (குழாயைப் பிடிக்கும் பூட்டு) தளர்ந்து கடகடக்கிறதா, கிக் டவர் (கிக் பேடைத் தாங்கும் தாங்கி) ராக்கின் காலைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? இவற்றில் ஒன்றைச் சரிசெய்தாலே பல நேரம் முடிந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால், தேவையில்லாமல் ஒலிக்கும் பேடின், அதாவது டாமின், த்ரெஷோல்டைச் (எவ்வளவு பலமான அடி முதல் ஒலிக்க வேண்டும் என்ற அளவை) சிறிது உயர்த்துங்கள். பிறகு அதே டாமின் கிராஸ்டாக் கேன்சலை (பக்கத்துப் பேடின் அதிர்வைப் புறக்கணிக்கும் செட்டிங்கை) ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் உச்சத்துக்குக் கொண்டுபோனால் இரண்டு பேடையும் சேர்த்து அடிக்கும்போது மெல்லிய அடி விழுங்கப்பட்டுவிடும். த்ரெஷோல்டுக்கும் இதே குணம்தான், அதிகமானால் மெல்லிய ரோல்கள் (வேகமான தொடர் அடிகள்) காணாமல் போகும்.

ஸ்னேரை ராக்கிலிருந்து கழற்றித் தனி ஸ்டாண்டில் வைப்பது இதற்கு நல்ல வழி. அதிர்வு குறையும், ராக்கைத் தொடாமல் ஸ்னேரை மட்டும் நகர்த்தவும் முடியும். வாங்கும்போது ஸ்டாண்டின் பிடி உங்கள் பேடின் அளவுக்குச் சுருங்குமா என்று பாருங்கள். சாதாரண ஸ்னேர் ஸ்டாண்டுகள் பலவும் 10 அங்குல பேடைப் பிடிக்காது. சில பேட்கள் ராக் கம்பியில் பூட்ட மட்டுமே வடிவமைத்தவை, அவற்றுக்கு இந்த வழி கிடையாது.

கேள்வி: நான் இடது கைக்காரன். எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டுமா?

பதில்: கண்ணாடியில் தெரிவதுபோல் முழுவதையும் திருப்பிவிடுவதுதான் சுத்தம். கிக் இடது காலில், ஹை-ஹாட் பெடலும் பேடும் வலப்பக்கம், ரைடும் ஃப்ளோர் டாமும் இடப்பக்கம். சிக்கல் கேபிளில் வரும். ஒரே கட்டாக வரும் கேபிள்களில் ஒவ்வொரு கிளையும் அதனதன் இடத்துக்கு அளந்த நீளம். திருப்பினால் சில எட்டாது. மாட்யூலையும் எதிர்ப்பக்கக் குழாய்க்கு மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு 6.35 மி.மீ. ஸ்டீரியோ நீட்டிப்பு கேபிள் போடுங்கள். மோனோ கேபிள் போட்டால் ரிம் ஒலியோ சிம்பலைப் பிடித்து அடக்கும் வசதியோ போய்விடும்.

கேபிளை அப்படியே விட்டுவிட்டு மாட்யூலில் ஒலிகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். டாம்களுக்குச் சரி. ஹை-ஹாட் பெடலோடு இணைந்து இயங்கும் இன்புட் பொதுவாக ஒன்றே ஒன்று என்பதால் ரைடின் இன்புட்டில் ஹை-ஹாட் ஒலியை வைத்தால் திறப்பதும் மூடுவதும் வேலை செய்யாமல் போகலாம்.

கேள்வி: வாசிக்க வாசிக்க டாம் பேட் மெல்ல இறங்குகிறது. கிக் முன்னால் ஓடுகிறது.

பதில்: கிளாம்ப்பைக் கழற்றிக் குழாயை உலர்ந்த துணியால் துடையுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கும். மெமரி லாக் (உயரத்தை நிலைநிறுத்தும் வளையம்) இருந்தால் சரியான உயரத்தில் கிளாம்ப்போடு ஒட்டி வைத்து டிரம் கீயால் இறுக்குங்கள். விங் போல்ட்டைக் குறடு வைத்து முறுக்க வேண்டாம், பிளாஸ்டிக் கிளாம்ப் விரிசல் விடும். கிக் டவரையும் ஸ்டூலையும் ஒரே விரிப்பின் மேல் வையுங்கள். உங்கள் எடை விரிப்பைப் பிடித்துக்கொள்ளும், டவரின் முன்கால் முள் அதில் ஊன்றும். இரட்டைப் பெடலானால் இரண்டு பீட்டரும் (பேடை அடிக்கும் பெடலின் சுத்தி) பேடின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் விழ வேண்டும், இல்லையென்றால் ஒரு காலின் அடி எப்போதும் மெல்லியதாகக் கேட்கும்.

கேள்வி: பத்து வயது மகளும் நானும் ஒரே செட்டில் வாசிக்கிறோம். ஒவ்வொரு முறையும் முழுவதும் மாற்ற வேண்டுமா?

பதில்: மூன்றே மாற்றம் போதும்: ஸ்டூல், ஸ்னேர், இரண்டு சிம்பல் கைகள். ஸ்டூலின் மிகத் தாழ்ந்த நிலையில் உட்கார்ந்தும் மகளின் பாதம் பெடலில் முழுதாகப் பதியவில்லை என்றால் சிறியவர்களுக்கான தாழ்வான ஸ்டூல் வாங்குங்கள். இருவருக்கும் இரு நிற ஒட்டு நாடா எடுத்து, ஸ்டூல் தண்டிலும் ஸ்னேர், சிம்பல் கம்பிகளிலும் அவரவர் உயரத்தை ஒட்டிவிடுங்கள். சிம்பலை உயர்த்தும்போது கேபிள் முறுக்கிக்கொண்டு இழுபடாத அளவுக்குத் தொங்கல் இருக்கட்டும். ஜாக்கில் கேபிள் இழுத்து நின்றால் ஒருநாள் அந்த சிம்பல் விட்டுவிட்டு ஒலிக்கும்.