டிஸ்க் சாகல, மோட் மாறியிருக்கு: கேள்வி பதில்

மலேசியாவுல பெஸ்தாரி ஜெயா சுத்துவட்டாரத் தோட்டங்கள்ல இருந்து வந்த கம்ப்யூட்டர் கேள்விகள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பள்ளி விடுமுறை முடிஞ்சு ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தட்டினா, விண்டோஸ் லோகோ வந்து நீலத் திரை ஆயிடுது. ‘இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்’னு, அதாவது விண்டோஸ் ஏற வேண்டிய டிஸ்கை அணுக முடியலன்னு காட்டுது. கடையில ஃபார்மட் பண்ணணும்ங்கிறாங்க தம்பி.

பதில்: டீச்சர், தயவுசெஞ்சு ஃபார்மட் பண்ண விடாதீங்க. பிள்ளைங்க பதிவெல்லாம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ரொம்ப நாள் பிளக்கைப் பிடுங்கி வெச்ச பழைய மெஷின்ல மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனா, பயோஸ் (கம்ப்யூட்டரைத் தட்டினதும் முதல்ல ஓடுற, மதர்போர்டுலயே இருக்கிற மென்பொருள்) செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போயிடும். டிஸ்கோட எந்த முறையில பேசணும்னு சொல்ற செட்டிங்தான் சாட்டா மோட். ஏஎச்சிஐ (புது முறை)-ல இருந்த அது, ஐடிஇ-யாவோ (பழைய முறை) ரெய்டாவோ (பல டிஸ்கைச் சேர்த்து ஆளுற முறை) மாறியிருக்கலாம். பேட்டரியை மாத்திட்டு, பழைய மோடையே திரும்பப் போட்டுப் பாருங்க. லோகோ வர்றது நல்ல அறிகுறி. அதுவரைக்கும் டிஸ்கைப் படிச்சுக் கொடுக்கிறது பயோஸ். விண்டோஸ் தன்னோட சொந்த டிரைவரால (சாதனத்தை இயக்குற சின்ன மென்பொருள்) படிக்கப் போகும்போதுதான் விழுது.

தோட்டத்து ஆபீஸ் கிராணியார்: அதே டிஸ்க், அதே கேபிள். மோட் மாறினது விண்டோஸுக்கு எப்படித் தெரியும்?

பதில்: ஐயா, விண்டோஸ் முதல்ல பாக்கிறது டிஸ்கை இல்ல, கண்ட்ரோலரை, அதாவது டிஸ்கைக் கையாளுற சிப்பை. அது ஒரு பிசிஐ சாதனம், அதாவது மதர்போர்டோட உள்பாதையில இணைஞ்ச சாதனம். ஒவ்வொரு பிசிஐ சாதனமும் 3 பைட்ல தன் வகையைச் சொல்லும். முதல் பைட் 01-ன்னா சேமிப்புச் சாதனம். அடுத்த பைட் 01-ன்னா ஐடிஇ, 04-ன்னா ரெய்டு, 06-ன்னா சாட்டா. 06-க்குப் பின்னாடி மூணாவது பைட்டா 01 வந்தா ஏஎச்சிஐ. பயோஸ்ல மோடை மாத்தினா இந்த எண்ணே மாறிடும். இன்டெல் போர்டுல டிவைஸ் ஐடியும் (சாதனத்தோட மாடல் எண்) கூடவே மாறும். விண்டோஸ் கண்ணுக்கு அது வேற ஒரு புது கண்ட்ரோலர். இன்ஸ்டால் பண்ணின அன்னிக்குத் தேவைப்படாத டிரைவரை அது பூட் நேரத்துல ஏத்தாது, அங்கதான் சிக்கல். ஏஎச்சிஐ-ல விண்டோஸ் ஏறினதும் டிவைஸ் மேனேஜர்ல கண்ட்ரோலரோட ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்க, 0106-ன்னு கண்ணுல படும்.

பாலிடெக்னிக் மாணவர்: அண்ணே, விண்டோஸ் 10-ஐ ஃபார்மட் இல்லாம ஐடிஇ-ல இருந்து ஏஎச்சிஐ-க்குக் கொண்டுபோகலாமா?

பதில்: தாராளமா தம்பி. பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வெக்கிற விண்டோஸ் வசதி) இருந்தா ரிகவரி கீயை முதல்ல எழுதி வெச்சுக்க. எம்எஸ்கான்ஃபிக்ல (விண்டோஸ் எப்படி ஏறணும்னு மாத்துற கருவி) சேஃப் பூட்டை, அதாவது அத்தியாவசிய டிரைவரோட மட்டும் ஏறுறதை டிக் பண்ணு, ரீஸ்டார்ட் பண்ணி நேரா பயோஸுக்குப் போய் மோடை மாத்து. சேஃப் மோட்ல ஒருதடவை ஏறினதும் சரியான டிரைவர் ஒட்டிக்கும். அப்புறம் டிக்கை எடுத்துடு. ஏஎச்சிஐ-ல டிஸ்க் 32 கட்டளை வரைக்கும் வரிசையில வாங்கி, தனக்குத் தோதா முடிக்கும். மாத்துறது வீண் வேலை இல்ல.

தையல் கடை அக்கா: புது லேப்டாப்ல விண்டோஸ் போடும்போது டிஸ்கே காட்டல.

பதில்: அக்கா, இன்டெல் 11-ஆம் தலைமுறையில இருந்து பல லேப்டாப்ல விஎம்டி-ன்னு ஒரு இன்டெல் சேமிப்பு வசதி, அதுக்கான டிரைவர் இல்லாதவரைக்கும் டிஸ்கை மறைச்சு வெச்சிருக்கும். லேப்டாப் கம்பெனி தளத்துல இருந்து அதோட டிரைவரை எடுத்து பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் திரையில ‘லோட் டிரைவர்’ அழுத்துங்க. டிஸ்க் தெரியும்.