கோயில் கோடரிக்கு வயது சொல்ல எந்த டிகிரி படிக்கணும்?

ஏற்காட்டிலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்கிறார்: “பயாலஜி மேத்ஸ் குரூப் படிக்கிறேன், கெமிஸ்ட்ரி ரொம்பப் பிடிக்கும். தொல்லியலுக்குப் போகணும் என்றால் பி.ஏ. வரலாறுதான், சயின்ஸ் படித்தது வீண் என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் வழவழப்பான கல்கோடரிகள் சில இருக்கின்றன. அவற்றுக்கு வயது கண்டுபிடிக்கிற வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?”

வீண் என்று சொன்னவர்களை விடுங்கள். உங்கள் மலையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் வரலாறு படித்தவர் இல்லை, பாறைகளை ஆராயும் ஜியாலஜிக்காரர். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில்தான் வாழ்ந்தார், அங்கே ஹோலி டிரினிட்டி சர்ச்சில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. சேர்வராயன் மலை ஊர்களில் இந்தக் கற்கோடரிகளைப் பிள்ளையார் முன்னால் வைத்துக் கும்பிடுவது நூறு வருடத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட விஷயம்தான்.

இப்போது கோடரிக்கு வருவோம், ஏனென்றால் என்ன படிக்கணும் என்பதே அதிலிருந்துதான் தெரியும். கோடரியைக் கார்பன் முறையில் தேதியிட முடியாது. செடி, மரம், எலும்பு என உயிரோடு இருந்த பொருளில்தான் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் சேரும். அது செத்த பிறகு 5,730 வருடத்துக்கு ஒரு தடவை அந்தக் கார்பன் பாதியாகும், அதைக் கொண்டுதான் கணக்கு. கல்லுக்கு அது கிடையாது. அதே மண்ணடுக்கில் கோடரியோடு கிடந்த அடுப்புக்கரி கிடைத்தால் கரிக்கு வயது பார்த்து, அதை வைத்துக் கோடரிக்குச் சொல்லலாம். உங்கள் ஊர்க் கோடரிகள் என்றைக்கோ மண்ணைவிட்டு வந்துவிட்டதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனால் அது எந்தப் பாறை என்று கேட்கலாம். அனுமதியோடு ஒரு சில்லு அறுத்து 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால் வெளிச்சம் ஊடுருவும், மைக்ராஸ்கோப்பில் என்னென்ன கனிமம் என்று அடையாளம் காணலாம். உங்கள் மலை பெரும்பாலும் சார்னகைட் என்ற பாறை. கோடரி வேறு பாறை என்றால், அந்தக் கல்லை யாரோ எங்கிருந்தோ சுமந்துகொண்டு வந்திருக்கலாம்.

அதனால்தான் கெமிஸ்ட்ரி பிடித்தாலும் ஜியாலஜி எடுங்கள் என்று சொல்வேன். சேலம் அரசு கலைக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. ஜியாலஜி இருக்கிறது. கஞ்சமலையின் இரும்புத் தாதும் வெள்ளைக்கல் சுரங்கமும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் இதைப் படிப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. மனசு கேட்காவிட்டால் கெமிஸ்ட்ரியே படியுங்கள், தப்பில்லை. மத்தியத் தொல்லியல் துறைக்கு டேராடூனில் அறிவியல் பிரிவு இருக்கிறது, கோயில் சுவர், ஓவியம், உலோகம் எல்லாவற்றையும் காப்பாற்றுகிற வேலைக்கு அங்கே கெமிஸ்ட்ரி ஆட்கள்தான் வேண்டும். அப்புறம் எம்.ஏ. தொல்லியல். புனே டெக்கான் கல்லூரியில் எந்தப் பட்டதாரியும் சேரலாம், தாவர எச்சம், எலும்பு, வேதியியல் என்று அங்கே தனித்தனி ஆய்வகங்கள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் இரண்டையும் பாருங்கள். கிரேட்டர் நொய்டாவில் மத்தியத் தொல்லியல் துறை நடத்தும் முதுநிலை டிப்ளமோவுக்கு 2020-ல் வந்த அறிவிப்பில், தகுதியான மொழிகளின் பட்டியலில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பிறகே சேர்க்கப்பட்டது. எங்கே விண்ணப்பித்தாலும் தகுதிப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள்.

வேலை பற்றி வீட்டில் கேட்பார்கள். நிரந்தரப் பணியிடம் குறைவு, முதல் சில வருடம் தற்காலிக வேலையாகத்தான் இருக்கும், இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஜியாலஜி டிகிரி கையில் இருந்தால் வேறு கதவும் திறந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆய்வகம் மட்டும் போதும், வெயிலில் நிற்க வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு அகழாய்வில் நல்ல கரித்துண்டு ஒன்று கிடைத்தது, மாணவர் ஒருவர் ஆசையாக அதைப் பஞ்சில் பொதிந்து வைத்துவிட்டார். பஞ்சும் கார்பன்தானே, அதன் இழை ஒட்டினால் தேதி கெட்டுவிடும்! கையால் தொடாமல் அலுமினியத் தாளில் மடித்து, குழி எண், ஆழம், தேதி எழுதி வைப்பதுதான் முறை. அந்தக் கரியை அப்புறம் நாங்கள் தேதி பார்க்க அனுப்பவே இல்லை. மேட்டூர் பக்கம் மாங்காட்டில் ஈமக்குழியில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 1510 வாக்கில் காலம் சொல்கிறார்கள்; உங்கள் மாவட்டத்துக்கு அப்படி இன்னொரு தேதி கிடைக்க, குழியில் மாதிரி எடுக்கிற கையும் சுத்தமாக இருந்தாக வேண்டும். கரி நல்ல கரியாகவே இருந்தாலும் அது கிழட்டு மரத்தின் நடுத்தண்டு என்றால் தேதி உண்மையைவிட நூறு இருநூறு வருடம் பழையதாக வந்துவிடும், இதையெல்லாம் குழியில் நின்று யோசிக்கப் பழகியவர்தான் ஆய்வகத்திலும் சரியான கேள்வி கேட்பார்.

சரி, கல்லூரி திறக்கும்வரை ஒரு வேலை தருகிறேன். பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, கோடரிகளை இடம் மாற்றாமல், மேலே படிந்த எண்ணெயைத் துடைக்காமல், கழுவாமல், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அப்புறம் ஊர்ப் பெரியவர்களிடம் உட்காருங்கள். எது எந்தக் காப்பித் தோட்டத்தில், எந்த ஓடைக்கரையில், குழி வெட்டும்போதா மழைக்குப் பிறகா கிடைத்தது என்று அவர்கள் சொல்வதை, சொன்னவர் பெயரோடு நோட்டில் எழுதுங்கள். சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிடுங்கள்.