கேள்வி–பதில்: வரைபடத்தில் இரண்டு கப்லான்கள்

கேள்வி: வணிக முகாமைத்துவ முதுமாணிக் கற்கைநெறியைப் பகுதிநேரமாகப் பயில்கிறேன். வணிகச் செயலாற்றுகை பற்றிய ஆய்வுக்கட்டுரைகளின் விவரங்களை ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் திரட்டி, விஓஎஸ்வியூவர் மென்பொருளில் ஆய்வாளர்களின் இணைமேற்கோள் வரைபடத்தை வரைந்தேன். பல நிறங்களில் வட்டங்கள் வந்தன. மேற்பார்வையாளரோ, "இதனால் என்ன தெரிகிறது?" என்கிறார். என்ன சொல்வது?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: அவர் கேட்டது நியாயமே, வட்டங்களை வரைவது மென்பொருளின் வேலை, வாசிப்பது உங்களுடையது. 1973இல் ஹென்றி ஸ்மோல் விளக்கிய இணைமேற்கோள் முறையில், இரண்டு ஆக்கங்களைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை சேர்த்து மேற்கோள் காட்டுகின்றன என்பதே அவற்றின் நெருக்கத்தைத் தீர்மானிக்கிறது; உங்கள் வரைபடத்தில் ஆக்கங்களுக்குப் பதிலாக ஆய்வாளர்கள் வட்டங்களாக இருக்கிறார்கள். ஒன்றை ஏற்கவும் மற்றதை மறுக்கவும் சேர்த்துக் காட்டியிருந்தாலும் அவை அருகருகேதான் அமரும் என்பதால், நெருக்கத்தைக் கருத்தொற்றுமை என்று எழுதிவிடாதீர்கள். ஒரு வட்டம் வலப்புறமோ இடப்புறமோ இருப்பதற்குத் தனிப்பொருள் கிடையாது.

அடுத்து, வட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். 1992இல் நோர்ட்டனுடன் சேர்ந்து பேலன்ஸ்ட் ஸ்கோர்கார்ட்டை, அதாவது நிதி அளவைகளோடு பிற அளவைகளையும் சேர்த்து நிறுவனத்தின் செயலாற்றுகையை மதிப்பிடும் முறையை, முன்வைத்த கப்லான், சில உசாத்துணைகளில் "ஆர். எஸ்." என்ற முதலெழுத்துகளோடும், சிலவற்றில் வெறும் "ஆர்." என்றும் பதிவாகியிருந்தால், மென்பொருள் அவரை இரண்டு ஆட்களாக்கி, அவருக்குரிய எண்ணிக்கையையும் பிரித்துவிடும். எந்தப் பெயரும் எந்தப் பெயரும் ஒன்று என்று மென்பொருளுக்குச் சொல்லும் நிகர்ச்சொற் கோப்பு ஒன்றைத் தயாரித்து இரண்டையும் இணைக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைச் செய்யாத வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

உண்மையான சிக்கல் உங்கள் தேடற்சொல்லில் இருக்கிறது. 1986இலேயே வெங்கட்ராமனும் ராமானுஜமும் வணிகச் செயலாற்றுகை என்ற கருத்தை ஒன்றினுள் ஒன்றாக அமைந்த மூன்று வட்டங்களாக வைத்து, நிதிச் செயலாற்றுகையை உள்வட்டமாகவும், சந்தைப் பங்கு, பொருளின் தரம் போன்ற செயற்பாட்டு அளவைகளையும் சேர்த்ததை அடுத்த வட்டமாகவும், நிறுவனத்தின் ஒட்டுமொத்த விளைதிறனை வெளிவட்டமாகவும் பிரித்துக் காட்டினார்கள். நீங்கள் இந்த மூன்றில் எந்த வட்டத்துக்குரிய சொற்களைக் கொண்டு தேடினீர்களோ அதற்குரிய வரைபடமே கிடைத்திருக்கும். மேற்பார்வையாளரிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

புதிய கட்டுரைகள் மேற்கோள்களைச் சேர்க்கக் காலம் எடுக்கும் என்பதால், இணைமேற்கோள் வரைபடத்தில் பழையவர்களே பெரிதாகத் தெரிவார்கள். அண்மைய போக்கை அறிய, 1963இல் கெஸ்லர் விளக்கிய உசாத்துணைப் பிணைப்பு முறையில், அதாவது பொதுவான உசாத்துணைகளைக் கொண்டு கட்டுரைகளை இணைக்கும் முறையில், இன்னொரு வரைபடத்தையும் வரைந்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ஸ்கோபஸில் இடம்பெறாத நம் நாட்டுச் சஞ்சிகைகளின் கட்டுரைகள் காட்டும் மேற்கோள்கள் இரண்டிலும் கணக்கில் வரா என்பதை ஆய்வின் எல்லைகளைக் கூறும் பகுதியில் குறித்துவிடுங்கள்.