சாய்தளம் போட்டால் போதுமா?

கேள்வி: நாங்கள் 12 பேர் சேர்ந்து நடத்தும் சிறு நாடகக் குழு. அடுத்த நாடகத்தை மாற்றுத்திறனாளிகளும் வந்து பார்க்கும்படி செய்ய ஆசைப்படுகிறோம். அரங்க வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. கையில் பணம் குறைவு. சாய்தளம் போட்டால் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சாய்தளம் வேண்டும்தான். அதற்கு முன்னால் உங்கள் போஸ்டரை எடுத்துப் பாருங்கள். நாடகத்தின் பெயர், தேதி, நேரம், இடம் எல்லாம் ஒரே படத்துக்குள் இருக்கும். அதை அப்படியே வாட்ஸப்பில் அனுப்பியிருப்பீர்கள். பார்வையற்ற ஒருவரின் கைப்பேசியில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அதைப் பெரும்பாலும் 'படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அதே விவரத்தைப் படத்துக்குக் கீழே எழுத்தாகத் தட்டிவிடுங்கள். காசு செலவில்லை, இரண்டு நிமிட வேலை.

அப்படியே இன்னும் நாலு வரி சேருங்கள். வாசலில் எத்தனை படி, கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி போகுமா, இடைவேளை உண்டா, திடீர் வெடிச்சத்தமோ மின்னி மின்னி எரியும் விளக்கோ வருமா? பதில் 'இல்லை', 'போகாது' என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். என்ன இருக்கிறது என்று தெரிந்தால் வருவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்துகொள்வார். ஒன்றுமே தெரியாதபோது வீட்டிலேயே இருந்துவிடுவார். விசாரிக்க போன் எண் மட்டும் கொடுத்திருந்தால், குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்று சேர்த்துவிடுங்கள். காது கேளாதவர் எப்படி உங்களை அழைப்பார்?

சரி, படிக்கு வருவோம். பரவலாகச் சொல்லப்படும் அளவு 1:12. ஒரு செ.மீ. உயரம் ஏற 12 செ.மீ. நீளம் வேண்டும். படி ஒவ்வொன்றும் 15 செ.மீ. என்றால் மொத்த உயரம் 45 செ.மீ., சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர். இரண்டு மீட்டர் பலகையைச் சாய்த்து வைத்து, பின்னாலிருந்து நாலு பேர் தள்ளுவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். உட்கார்ந்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். வாசலில் அவ்வளவு இடம் இல்லையென்றால், படியே இல்லாத வேறு இடத்தைத் தேடுவதுதான் மலிவு. உள்ளே சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். சக்கர நாற்காலிக்கான இடத்தைக் கடைசி வரிசை மூலையில் ஒதுக்காதீர்கள். கூட வரும் நண்பருக்கும் பக்கத்திலேயே இடம் விடுங்கள், அவர் மூன்று வரிசை தள்ளி உட்கார வேண்டியதில்லை.

சைகை மொழி, காட்சி விவரிப்பு (மேடையில் நடப்பதைப் பார்வையற்றவர்களுக்குக் குரலில் சொல்வது), எழுத்துத் திரை (வசனத்தை எழுத்தில் காட்டுவது) மூன்றையும் எல்லா நாள் காட்சிகளிலும் செய்யப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு நாள் காட்சியை எடுத்து, இவற்றில் ஒன்றை ஒழுங்காகச் செய்யுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் என்றால் நாடகப் பிரதி அவர் கைக்கு முன்கூட்டியே போக வேண்டும், மேடையில் இருட்டும்போதும் அவர் மேல் வெளிச்சம் இருக்க வேண்டும். நீண்ட நாடகத்துக்கு இருவர் மாறி மாறிச் செய்ய வேண்டும், கை ஓய்ந்துவிடும். பார்வையற்றவர்களை அரைமணி நேரம் முன்னதாக மேடைக்கு அழைத்துப் போய், அரங்கப் பொருட்களையும் உடைகளையும் தொட்டுப் பார்க்க விடலாம். அதற்குத் தேவை உங்கள் நேரம் மட்டுமே.

இனி உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்திய சொல்லுக்கு வருகிறேன். 'வந்து பார்க்கும்படி' என்று எழுதியிருக்கிறீர்கள். வந்து நடிக்கும்படி?

2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-வது பிரிவு இரண்டையும் பேசுகிறது. நாடகமும் படமும் அருங்காட்சியகமும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்பது ஒன்று. தங்கள் படைப்புத் திறனை வளர்த்துப் பயன்படுத்த அவர்களுக்கு வாய்ப்பு வேண்டும் என்பது மற்றொன்று. நடைமுறையில் இந்த இரண்டாவதுதான் விட்டுப்போகிறது. ஆலோசனைக்காக நான் போன ஓர் அரங்கில் பார்வையாளர் பகுதி பிரமாதமாக இருந்தது. மேடைக்கு மட்டும் ஐந்து படி. பரிசு வாங்க வந்த எழுத்தாளர் சக்கர நாற்காலியில் இருந்ததால், எல்லோரும் மேலே நிற்க, அவருக்கு மட்டும் மைக்கைக் கீழே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒப்பனை அறை மாடியில்!

படிகளில்லாத தடையும் உண்டு. 'சம்பளம் இல்லை, அனுபவம் கிடைக்கும்' என்று ஆள் எடுத்தால், வீட்டில் யாராவது செலவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள்தான் வருவார்கள். பிறகு 'ஏன் எப்போதும் ஒரே மாதிரி ஆட்கள்?' என்று யோசிப்பதில் அர்த்தமில்லை. பெரிய சம்பளம் கொடுக்க முடியாவிட்டாலும், ஒத்திகைக்கு வரும் வழிச்செலவை அன்றன்றே கையில் கொடுங்கள், ரசீது சேர்த்து நாடகம் முடிந்தபின் என்று இழுக்காதீர்கள். ஒத்திகை நேரத்தை ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். குழந்தை வைத்திருப்பவரும் ஷிப்ட் வேலை பார்ப்பவரும் அப்போதுதான் ஏற்பாடு செய்ய முடியும். விண்ணப்பத்தை எழுதித்தான் அனுப்ப வேண்டுமா என்ன? குரல் பதிவாகவும் வாங்கலாமே.

பணம் பற்றிக் கேட்டீர்கள். செலவுத் திட்டம் போடும் முதல் நாளே, விளக்குக்கும் உடைக்கும் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி எழுதுங்கள். 'மிச்சமிருந்தால் பார்ப்போம்' என்று விட்டால் மிச்சம் இருக்காது. அந்தத் தொகையில் முதல் செலவாக மாற்றுத்திறனாளி ஒருவரை அழைத்து, கூலி கொடுத்து, எங்கெங்கே தடை என்று பார்க்க, தெருவிலிருந்து மேடை வரை உங்களோடு ஒருமுறை வரச் சொல்லுங்கள். அரங்கை முன்பதிவு செய்வதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். முன்பணம் கட்டிவிட்டால் அப்புறம் இடத்தை மாற்ற மனம் வராது.